இடது பின்சக்கரம்

சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாத்தியாகிவிட்டது. வண்டி ஜாக்கியில் நின்றது. ஆனாலும் ஸ்கேனர் திரையில் இடது பின்சக்கரம் மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

ரசீத் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தான். நாலு சக்கரத்துக்கு நாலு கட்டம். முன்னால் இரண்டும் பூஜ்யம். பின்னால் வலதும் பூஜ்யம். நாலாவது கட்டத்தில் மூன்று. பிறகு இரண்டு. பிறகு மூன்று. அப்புறம் பூஜ்யம். பழைய வண்டி, உளறுகிறது என்று நினைத்துக்கொண்டான்.

வண்டி பாளையங்கோட்டை அம்பலவாணன் அண்ணாச்சியுடையது. பதினாறு வயதான கிழம். மாதாமாதம் சஷ்டிக்குத் திருச்செந்தூர் கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்தி நிறுத்தி, உப்புக்காற்று அதன் அடிவயிற்றைச் சாவகாசமாகத் தின்றிருந்தது. பிரேக்கின் ஏபிஎஸ் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது என்று விட்டுவிட்டுப் போயிருந்தார். மேலப்பாளையத்தில் கார் வயரிங் என்றால் ரசீத்தின் வீட்டை ஒட்டின இந்தத் தகரக் கொட்டகைக்குத்தான் வருவார்கள். வேலையும் பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு சென்சார் இருக்கும். சக்கரத்தோடு சுற்றும் பல்வளையத்தின் பற்களை எண்ணி, இந்தச் சக்கரம் இன்ன வேகத்தில் போகிறது என்று சொல்லும். நாலில் ஒன்று பொய் சொன்னால் விளக்கு எரியும். இதில் பொய் சொன்னது இடது பின்பக்கம். சென்சார் உட்காரும் துளை துருப்பிடித்து அகன்று போய், ஆடின பல் மாதிரி அது லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

துளையை இறுக்க மெல்லிசாக ஒரு தகடு சுற்ற வேண்டும். இரும்பு ஆகாது, சென்சாரில் இருக்கும் காந்தம் கெட்டுவிடும். பிளாஸ்டிக் பிரேக் சூட்டில் உருகிவிடும். செம்புதான் வேண்டும். நேற்று மத்தியானம் டப்பா டப்பாவாகக் கொட்டித் தேடியும் கொட்டகையில் செம்பு கிடைக்கவில்லை. வீட்டுக்குள் இருந்தது.

அவன் மனைவி தஸ்மியாவுக்கு இது மூன்றாவது கர்ப்பம். முதல் இரண்டும் நாலாம் மாதம் தாண்டவில்லை. இந்தத் தடவை ஏழாம் மாதம் நடக்கிறது. டாக்டரம்மா வாசல்படி இறங்கக் கூடாது, எந்த வண்டியிலும் ஏறக் கூடாது என்று சொல்லியிருந்தார். ரசீத்தின் மாமியார் சுபைதா பேகம் அதோடு நிற்காமல், ஏரலுக்குப் போய், ஓதிப் பார்க்கும் காஜா முகைதீன் லெப்பையிடம் பிள்ளை தங்க ஒரு செம்புத் தகடு எழுதி வாங்கிவந்து மகளின் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள். ரசீத்துக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. தகட்டிலேயே பிள்ளை தங்கும் என்றால் ஆஸ்பத்திரி வாசலில் எதற்கு இத்தனை கூட்டம் என்று கேட்டு, மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறான். தஸ்மியா குளிக்கப் போயிருந்த நேரத்தில் அந்தத் தகட்டின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டிக்கொண்டான். எழுத்தெல்லாம் நடுவில்தானே இருக்கிறது என்று மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டான். சென்சாரில் சுற்றி, துளையில் வைத்து, மரச்சுத்தியலால் நாலு தட்டு. மரத்தில் அடித்த ஆணி போல இறங்கி உட்கார்ந்தது.

இப்போது அந்தக் கட்டத்தில்தான் எண் நகர்கிறது.

வீட்டுக்குள்ளிருந்து செருப்புச் சத்தம் சரட் சரட்டென்று வந்தது. தஸ்மியா ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, மறுகையில் தேநீரோடு கொட்டகை வாசலுக்கு வந்தாள். திரையில் இரண்டு, மூன்று, இரண்டு. அவள் நின்றாள். பூஜ்யம்.

"என்ன, பேயறஞ்ச மாதிரி பாக்குதிய?"

"ஒண்ணுமில்ல. நீ எதுக்கு எந்திரிச்சு வந்த?"

"படுத்துக்கெடந்து முதுகெல்லாம் கல்லாப் போச்சு. நாலு எட்டு நடந்தா என்னவாம்?"

அவள் திரும்பி நடந்தாள். இரண்டு. மூன்று. அடுப்படியில் குக்கர் விசில் அடிக்க, அவள் கொஞ்சம் விரைந்தாள் போலிருக்கிறது. ஐந்து. விசில் நின்றது. பூஜ்யம்.

ரசீத் தேநீரைக் கீழே வைத்தான். இந்தப் பழைய ரகச் சென்சாருக்கு ஒரு குணம் உண்டு. ஐந்து கிலோமீட்டருக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. பேசாமல் பூஜ்யம் காட்டிவிடும். பதினெட்டு வருஷத் தொழிலில் அது மூன்று காட்டி அவன் பார்த்ததில்லை.

அன்று காலை முழுக்க அவன் வேறு வேலை பார்க்கவில்லை. தண்ணீர் கேட்டான், அவள் எடுத்து வந்தாள், எண் வந்தது. சாவி எங்கே என்று கேட்டான், அவள் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடந்தாள், எண்ணும் நடந்தது. சாப்பிட்டுவிட்டு அவள் படுத்துத் தூங்கின பிறகு, கொட்டகைத் தகரம் வெயிலில் முறுகும் சத்தத்தையும் பக்கத்து வீட்டு மாவு கிரைண்டரின் உறுமலையும் கேட்டுக்கொண்டே திரையின் முன் குத்தவைத்திருந்தான். பூஜ்யம். கொஞ்சம் பொறுத்து ஒன்று. பூஜ்யம். ஒன்று. எழுந்து போய்ச் சன்னல் வழியாகப் பார்த்தான். அவள் மூச்சு இழுத்து விடும் கணக்குக்கு அந்த ஒன்று வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

 பயம் என்றால் என்னவென்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

எடுத்து எறிந்துவிடலாம் என்று பிளையரால் சென்சாரைப் பிடித்து ஒரே ஒரு திருகு திருகினான். உள்ளே தஸ்மியா "யா அல்லா!" என்று அலறினாள். ஓடிப் போய்ப் பார்த்தால், கட்டிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"யாரோ உள்ள கையவிட்டுத் திருகுன மாதிரி இருந்துச்சு. இப்ப இல்ல. பயப்படாதிய, இப்ப இல்ல."

அவளே அவனுக்கு ஆறுதல் சொன்னாள். அவன் அவள் காலடியில் உட்கார்ந்து பாதத்தைத் தடவிக்கொடுத்தான். கையில் கிரீஸ் இருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

ஏரல் லெப்பையின் எண்ணை மாமியாரிடம் வாங்கிப் பேசும்போது மணி மூன்று. தகட்டை வெட்டினதைச் சுற்றி வளைத்துச் சொன்னான். சொல்லி முடித்ததும் லெப்பை கேட்டார். 

"வெட்டின துண்ட எங்கன வச்சிருக்கீரு?"

"வண்டியில ஹஜ்ரத். எடுக்கப் பாத்தேன், அவளுக்கு வலிக்குது."

"தொடாதீரும். இனி அதத் தொடவே தொடாதீரும். கால் ஒடிஞ்சு கெடக்கேன், நான் வர முடியாது. வண்டியோட இங்கன கொண்டு வாரும். பிள்ளைத்தாச்சியையும் அந்த வண்டியிலயே உக்கார வச்சுக் கொண்டு வரணும். தகடும் அவளும் பிரியக் கூடாது வே. வெளங்குதா?"

"வெளங்குது."

விளங்கத்தான் செய்தது. ஆனால் ஏரல் நாற்பது கிலோமீட்டர். திருச்செந்தூர் சாலையில் குடிநீர்க் குழாய் பதிக்கிறேன் என்று ஒரு பக்கத்தைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் போகிறவர்களுக்கே குடல் ஏறி இறங்குகிறது. டாக்டரம்மா சொன்னது ஒரு பக்கம், லெப்பை சொன்னது ஒரு பக்கம். இதற்கு நடுவில் இந்த வண்டி. இதற்குள் அவளை உட்கார வைக்க அவன் துணியவில்லை. நாம் மட்டும் போவோம், போய்ச் சேர்ந்து, என்ன செய்யச் சொல்கிறாரோ செய்வோம் என்று முடிவு செய்தான். அவளிடம் எதையும் சொல்லவில்லை.

சக்கரத்தை மாட்டி, வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி, ஸ்கேனரை ஸ்டீயரிங் பக்கத்தில் மாட்டிக்கொண்டான். தஸ்மியா தலையில் வெள்ளைத் துப்பட்டியோடு சன்னல் கம்பியைப் பிடித்து நின்றிருந்தாள்.

"எங்க கெளம்பிட்டிய?"

"ஓட்டிப் பாத்துட்டு வருதேன்."

"நானும் வரட்டா? நாலு மாசமாச்சு தெருவப் பாத்து. ஆத்துப் பாலம் வரைக்கும். பைய ஓட்டுங்க, ஒண்ணும் ஆவாது."

"வேண்டாம். போய்ப் படு."

அவன் அதட்டலாகச் சொன்னான். அவள் முகம் சுருங்கியது. சரி என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். இரண்டு. மூன்று. பூஜ்யம். ஒன்று.

பாளையங்கோட்டையைத் தாண்டும்வரை எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. மூன்று கட்டங்களில் முப்பத்தைந்து, நாற்பது என்று வண்டியின் வேகம். நாலாவதில் பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், ஒன்று. டாஷ்போர்டில் மஞ்சளாக விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம், கால்வாய்த் தண்ணீரின் பாசி நாற்றம், சாலையோரம் மலைமலையாகக் குவித்த ஈரமண், மேற்கே சாய்ந்த வெயிலில் பனைகளின் நிழல் சாலைக்குக் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து கிடக்க, ஒவ்வொரு நிழலையும் வண்டி தாண்டும்போது திரை ஒரு கணம் பளிச்சென்று தெரிந்து மறுபடி மங்கியது. அவள் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டான். கல்யாணமான இந்த ஆறு வருஷத்தில் அவள் மூச்சை இப்படி ஒருநாளும் அவன் கவனித்ததில்லை. 

கிருஷ்ணாபுரம் கழிந்ததும் நாலாவது கட்டத்தில் இரண்டு வந்தது. மூன்று. எழுந்துவிட்டாள். அடுப்படிக்குப் போகிறாள். தண்ணீர் குடிப்பாள். திரும்புவாள்.

மூன்று.

வீட்டின் நீளம் முப்பது அடி. இந்த வேகத்தில் பத்துப் பன்னிரண்டு வினாடியில் சுவர் வந்துவிடும். நிற்க வேண்டும், அல்லது திரும்ப வேண்டும். எண் நிற்கவில்லை. மூன்று. மூன்று. மூன்று. ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு நிமிஷம் ஆனது. அவள் எங்கேயோ நேராக நடந்துகொண்டே இருந்தாள்.

ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு போன் செய்தான். மணி அடித்து அடித்து அடங்கியது. மறுபடியும் செய்தான்.

ஐந்து.

"தஸ்மியா, எடும்மா," என்றான் வாய்விட்டு.

ஏழு.

ஏழு மாதக்காரி. இடுப்பில் கை ஊன்றாமல் எழுந்திருக்க முடியாதவள்.

பதினொன்று.

ஓடுகிறாள். எதைப் பார்த்து ஓடுகிறாள்? யாரிடமிருந்து? அவனால் கேட்க முடியாது. பிடிக்க முடியாது. இருபது கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அவன் ஒரு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான் முடிந்தது.

பூஜ்யம்.

அவன் காத்திருந்தான். பூஜ்யம். ஒன்று வரவில்லை. ஒரு பனை கடந்தது. இன்னொரு பனை. பூஜ்யம். மூச்சு அடங்க நேரம் எடுக்கும், ஓடி வந்திருக்கிறாள் அல்லவா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லும்போதே அது பேத்தல் என்று தெரிந்தது. ஓடி வந்தவளுக்கு மூச்சு வேகமாக அல்லவா வர வேண்டும்.

மாமியாரைக் கூப்பிட்டான். அவள் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள்.

"மாமி, கொஞ்சம் வீடு வரைக்கும் ஓடிப்போய் அவளப் பாருங்க. போன வைக்காதிய. அப்படியே போங்க."

"என்னாச்சு மாப்ள? கொரல் ஒரு மாதிரி இருக்கு?"

"போங்க மாமி!"

போனில் செருப்புச் சத்தமும் மூச்சிரைப்பும் கேட்டன. திரும்பிவிட வேண்டும். அவன் இடம் தேடினான். ஒரு பக்கம் தோண்டின பள்ளம், மறுபக்கம் கால்வாய். முன்னால் ஒரு மண் லாரி. பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு பஸ், ஹாரனை விடாமல் அழுத்தியது. இழுத்த இழுப்புக்கு நாற்பதில் போக வேண்டியிருந்தது.

நாலாவது கட்டம் அசைந்தது.

ஒன்று இல்லை. பதினைந்து.

இருபத்திரண்டு. முப்பது. முப்பத்தாறு.

நாற்பது.

அங்கே நின்றது. நாலு கட்டத்திலும் நாற்பது. டாஷ்போர்டில் எரிந்துகொண்டிருந்த மஞ்சள் விளக்கு ஒருமுறை துடித்து அணைந்தது. இத்தனை வருஷத் தொழிலில் வேலை சரியாக முடிந்தது என்பதற்கு அவனுக்குத் தெரிந்த ஒரே அடையாளம் அதுதான். நாலும் ஒரே எண். விளக்கு இல்லை.

அவன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை லேசாகத் தளர்த்தினான். நாலும் முப்பத்தெட்டு. இன்னும் தளர்த்தினான். நாலும் முப்பத்து நாலு.

போனில் மாமியார் வந்துசேர்ந்துவிட்டாள். "வாசக்கதவு தொறந்து கெடக்கு மாப்ள. தஸ்மியா! ஏட்டி தஸ்மியா!" அறை அறையாகக் குரல் போனது. "இங்கன இல்லியே. செருப்பு ரெண்டும் வாசல்லயே கெடக்கு. வெறுங்காலோட எங்க போனா?"

 அவன் வேறொரு சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து. இடது பக்கமிருந்து. கீழேயிருந்து. மெத்தென்று ஒரு தட்டல். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு தட்டல். தப். தப். தப். வண்டி மெதுவானால் அதுவும் மெதுவானது. மண்ணெண்ணெய் கலந்த கிரீஸ் வாசத்துக்கு நடுவில் தஸ்மியா தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெய் வாசம் வந்தது.

கண்ணாடியில் பார்க்கக் கூடாது.

பார்க்கவில்லை.

நிறுத்தினால்? நிறுத்தினால் நாலும் பூஜ்யம் ஆகும். மூன்று பூஜ்யத்தைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. நாலாவதில், பூஜ்யத்துக்குப் பிறகு ஒன்று வர வேண்டும். வராவிட்டால்? ஓடிக்கொண்டிருக்கும்வரை அவளுக்கு ஒரு எண் இருக்கிறது. நாற்பதோ முப்பதோ, ஏதோ ஒன்று. அவன் நிறுத்தப் போவதில்லை. ஏரல் வரை. அதற்கப்புறம் எங்கே வேண்டுமானாலும்.

மண் லாரியின் பிரேக் விளக்கு சிவந்தது. அதற்கு முன்னால் ஒரு ஆட்டோ, நாலைந்து பைக். அதற்கும் முன்னால், ரயில்வே கேட். சிவப்பு வெள்ளைக் கம்பு இறங்கிக்கொண்டிருந்தது. மணி கிணுகிணுவென்று அடித்தது.

இருபது. நாலும் இருபது.

பதினான்கு.

"வேண்டாம்," என்றான். யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

வலது பக்கம் கேட்டுக்கு முன்னால் குழாய்கள் இறக்கி எடுத்த வெற்று மைதானம் கிடந்தது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து அதற்குள் இறங்கினான். மைதானத்துக்கு வேறு வழி இல்லை. மூன்று பக்கமும் மண்மேடு. வட்டம் போட்டான். பத்து. எட்டு. ஏழுக்கு வந்ததும் காலை அப்படியே வைத்துக்கொண்டான். ஐந்துக்குக் கீழே போகக் கூடாது. ஐந்துக்குக் கீழே மற்ற மூன்றும் கண்ணை மூடிக்கொள்ளும். நாலாவது என்ன சொல்லும் என்று பார்க்க அவனால் முடியாது.

ஏழு. ஏழு. ஏழு. ஏழு.

தப். தப்.

ஒரு வட்டம். இரண்டு வட்டம். கேட்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் சிரித்தார்கள். ஒருவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வண்டியோடு கூடவே ஓடிவந்தார். கண்ணாடியைத் தட்டினார்.

"அண்ணாச்சி! நிப்பாட்டுங்க! பின்சக்கரத்துல துணி சிக்கியிருக்கு! வெள்ளத் துணி!"

ரசீத் நேரே பார்த்து ஓட்டினான்.

"ஓய்! கேக்குதா? துணி இழுபடுது வே! நிப்பாட்..."

ஓடிவந்தவர் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வண்டி அவரைத் தாண்டிப் போனது. அடுத்த வட்டத்தில் வரும்போதும் அவர் அதே இடத்தில், வாயில் கை வைத்தபடி நின்றார். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண், மடியிலிருந்த பிள்ளையின் முகத்தைத் தன் தோளோடு சேர்த்து அமுக்கிக்கொண்டாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. யாரும் கிட்டே வரவும் இல்லை.

போன் பக்கத்து சீட்டில் கிடந்தது. அதிலிருந்து மாமியாரின் குரல் சன்னமாக வந்தது. அழுகை இல்லை. திடீரென்று ஒரு தெம்பு வந்த குரல்.

"மாப்ள... ஏன் மாப்ள, வண்டியில போவணும்னு ஆசப்பட்டுக்கிட்டே கெடந்தா. ஒங்ககூடக் கெளம்பி வந்துட்டாளா? அங்கன ஒங்ககூடத்தான் இருக்காளா?"

ரயில் வந்து, தடதடவென்று எல்லாச் சத்தத்தையும் மூடி, கடந்து போனது. கேட் திறந்தது. ஒரு வண்டியும் நகரவில்லை.

"ஆமா மாமி," என்றான் ரசீத். "என்கூடத்தான் இருக்கா."

ஸ்டீயரிங்கை இன்னும் கொஞ்சம் ஒடித்துப் பிடித்துக்கொண்டான். ஏழு. ஏழு. ஏழு. ஏழு.